நாகவல்லியின் பழி யார் மேல்?

2004 ஏப்ரல் 17 அன்று பெங்களூரு ஜக்கூர் விமானதளத்திலிருந்து கிளம்பிய சிறு விமானம் ஒன்று, மேலேறிய சில நிமிடங்களிலேயே கீழே விழுந்து எரிந்தது. தேர்தல் பிரசாரத்துக்காகக் கரீம்நகர் புறப்பட்ட நடிகை சௌந்தர்யாவும் அவருடைய அண்ணன் அமர்நாத்தும் உட்பட நான்கு பேர் அதில் இறந்தார்கள். அவர் நாகவல்லியாக ஆடி முடித்திருந்த ‘ஆப்தமித்ரா’ அதே ஆண்டு ஆகஸ்டில் திரைக்கு வந்து கர்நாடகமெங்கும் ஓடு ஓடென்று ஓடியது. அதன் அடுத்த பாகமான ‘ஆப்தரக்ஷகா’வில் நடித்த விஷ்ணுவர்தன், 2009 டிசம்பர் 30 அன்று மைசூருவில் மாரடைப்பால் காலமானார், படம் வந்தது 2010 பிப்ரவரியில். இரண்டு பாகங்கள், இரண்டும் முக்கிய நட்சத்திரம் ஒருவர் கண்மூடிய பிறகு வந்தவை. அதனால்தான் இந்தப் படவரிசையை ரசிகர்கள் அலசத் தொடங்கினால் இரண்டு கேள்விகள் பின்னிக்கொள்கின்றன. எந்தப் பாகம் உசத்தி என்பது ஒன்று. நாகவல்லியின் சாபம் மெய்தானா என்பது மற்றொன்று. முன்னதை ரசனை என்றும் பின்னதை மூடநம்பிக்கை என்றும் சொல்லி ஒதுக்குவது சுலபம். என் பார்வையில் இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி, அதுவும் சமயம் சார்ந்த கேள்வி: அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருத்தியின் கோபம், அவள் போன பிறகு யாரைச் சேரும்?

கதையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 1993இல் மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’தான் மூலம். அதைப் பி. வாசு கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ ஆக்கினார், 2005இல் தமிழில் ‘சந்திரமுகி’ ஆக்கினார். 2007இல் பிரியதர்ஷன் ‘பூல் புலையா’ என்று இந்திக்குக் கொண்டுபோனார். அதிகாரம் படைத்த ஒருவன் நாகவல்லி என்ற நடனப் பெண்ணைத் தன் மாளிகைக்குக் கொண்டுவருகிறான். அவளோ வேறொருவனைக் காதலிக்கிறாள். அதற்காக அவளைக் கொல்கிறான். காலம் பல கடந்து அந்த மாளிகைக்கு வாழவரும் கங்கா, பூட்டிய அறையைத் திறந்து, அந்தப் பெண்ணாகவே மாறுகிறாள். பேய் இல்லை, ஆளுமைப் பிளவு நோய் என்கிறார் மனநல மருத்துவர். இதனால்தான் முதல் பாகமே உயர்ந்தது, அது பகுத்தறிவின் பக்கம் நிற்கிறது என்று ரசிகர்களில் ஒரு சாரார் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு மூலப்படத்தின் உச்சக்காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். மருத்துவர் மாத்திரையாலோ பேச்சாலோ கங்காவைக் குணப்படுத்தவில்லை. மந்திரவாதியைத் துணைக்கு அழைக்கிறார். களம் போட்டு, புகை மூட்டி, கொலைகாரனின் வேடத்தில் கணவனையே பலகையில் கிடத்துகிறார்கள். அவள் வாளை ஓங்கும் நொடியில் பலகை புரள்கிறது. மேலே வருவது பொம்மை. அவள் வெறிதீர வெட்டிச் சாய்க்கிறாள், பிறகு மயங்கி விழுகிறாள். எழும்போது கங்காவாக எழுகிறாள். நோய் மனத்தில்தான் இருந்தது, ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்த மனம் ஆறுவதற்கு ஒரு தீர்ப்பு நிறைவேறவேண்டியிருந்தது. பேயே இல்லை என்று சொன்ன படமும், செத்தவளுக்கு நீதி கொடுத்த பிறகே கதையை முடிக்கமுடிந்தது.

பேய் உண்டு என்று அடித்துச் சொல்லும் வரிசையைப் பாருங்கள். ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’ 2011இல் வந்தது. மறு ஆண்டே உபேந்திராவை வைத்துக் கன்னடத்தில் ‘கல்பனா’வாக எடுத்தார்கள். அதன் நகைச்சுவை பல இடங்களில் முரட்டுத்தனமானது, கூச்சலும் அதிகம். இருந்தும், நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை தன் கதையை முழுதாகச் சொல்ல அதில் இடமிருக்கிறது; கேட்டு முடித்தவன் தன் உடம்பை அவளுக்கு மனமறிந்து கொடுக்கிறான். மனநோய் என்று ஒரு வரிசையும் ஆவி என்று மற்றொரு வரிசையும் எதிரெதிர் முனையில் நிற்பதுபோலத் தெரிந்தாலும், இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. ஆகவே, பேய் நிஜமா பொய்யா என்பதை வைத்து இந்தப் படங்களை எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. செத்தவளின் வழக்கைப் படம் கேட்டதா, கேட்டு உரியவன்மேல் பழியைச் சுமத்தியதா என்பதே உரைகல்.

இனி சாபத்துக்கு வருவோம். நாகவல்லியாக நடித்தால் ஆயுள் குறையும் என்றால், அந்த வேடத்தை முதலில் ஏற்றுத் தேசிய விருதும் பெற்ற ஷோபனாவுக்கு எதுவும் நேரவில்லை. தமிழில் நடித்த ஜோதிகாவுக்கும் இந்தியில் நடித்த வித்யா பாலனுக்கும் எதுவும் நேரவில்லை. கன்னடத்தில் இரண்டு, தமிழில் இரண்டு, தெலுங்கில் ஒன்று என்று இதே கதையைத் திரும்பத் திரும்பத் தொட்ட பி. வாசு 2023இலும் ‘சந்திரமுகி 2’ எடுத்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பேச்சின் கனமான பகுதி விட்டுப்போகும். தற்செயல் என்று நிரூபிப்பதற்கு முன்பே, சாபம் என்ற எண்ணம் நம் மரபின் அறத்துக்கே பொருந்தாதது. கர்மம் என்று நம்புகிறவர்கள்கூட, வினை செய்தவனைத்தான் தொடரும் என்கிறார்கள். பழிக்கு ஒரு முகவரி உண்டு. கண்ணகி மதுரையை எரித்தபோதும் அறவோரையும் பசுக்களையும் பத்தினிப் பெண்களையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்லித்தான் தீயை ஏவினாள். பழையனூர் நீலி தன்னைக் கொன்றவனை மறுபிறவி வரை துரத்திப் பிடித்தாள். அங்கே எழுபது வேளாளர்கள் மாண்டது அவள் கையால் இல்லை. அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காக்கத் தாமே தீயில் இறங்கினார்கள். வெறிகொண்ட பேயாகவே சொல்லப்படும் நீலிகூட வழியில் கண்டவரைக் கொல்லவில்லை. அப்படியிருக்க, தனக்கு நேர்ந்ததை ஊரறியச் சொல்ல உடம்பையும் கண்ணையும் குரலையும் கொடுத்த சௌந்தர்யாவை நாகவல்லி பழிவாங்கினாள் என்பது, கொல்லப்பட்டவளையே கொலைகாரி ஆக்கும் பேச்சு. கொன்றவனின் பெயர் அந்தப் பேச்சில் எங்குமே அடிபடுவதில்லை. என்னை வருத்துவது இதுதான்.

இரண்டாம் பாகங்கள் சரிவதும் இந்த இடத்தில்தான். ‘ஆப்தரக்ஷகா’வில் நாகவல்லியின் ஓவியம் ஒன்று போகிற வீட்டுக்கெல்லாம் கேட்டைக் கொண்டுபோகிறது, யார் எவர் என்று அது பார்ப்பதில்லை. ஆனாலும் அந்தப் படம் ஒன்றை மறக்கவில்லை. அவளைக் கொன்ற ராஜா நூறு வயதைத் தாண்டியும் சாகாமல் கோட்டைக்குள் இருக்கிறான் என்று காட்டுகிறது. குற்றவாளி உயிரோடிருக்க, ஊர் முழுக்கச் செத்தவளுக்கு நடுங்குகிறது என்ற அந்தக் கற்பனையில் பெரிய உண்மை இருக்கிறது. படம் அதைத் தொட்டுவிட்டு விஷ்ணுவர்தனின் இரட்டை வேட மிடுக்குக்குள் போய்விடுகிறது. 2022இல் வந்த ‘பூல் புலையா 2’ இன்னும் கீழே இறங்கியது. அங்கே நாகவல்லியின் இடத்தில் வரும் மஞ்சுளிகா வெறும் சூனியக்காரி. அவளுக்கு நீதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதெல்லாம் சினிமா, இதில் என்ன தத்துவம் என்று கேட்கலாம். இந்தப் பெங்களூரு நகரத்தையே பாருங்கள். பேகூர் நாகேசுவரர் கோயிலில் ஏறத்தாழ 890ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் கல்வெட்டு இருக்கிறது. பெங்களூருச் சண்டையில் நாகத்தரனைச் சேர்ந்த புட்டண செட்டி மாண்டதை அது சொல்கிறது. ‘பெங்களூரு’ என்ற பெயருக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று அதுதான். இறந்தவன் ஒருவனுக்கு நட்ட கல்லில்தான் இந்த ஊரின் பெயர் முதலில் நம் கண்ணில் படுகிறது. கெம்பேகவுடா கோட்டை எழுப்பியபோது தெற்கு வாசல் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்ததாம். கர்ப்பிணியான மருமகள் லட்சுமம்மா இரவோடிரவாகப் போய்த் தன்னையே பலி கொடுத்தாளாம். வழிவழியாக வரும் அந்தக் கதைக்குக் கோரமங்கலாவில் கோயில் இருக்கிறது. அவள் உயிரின்மேல் எழுந்த ஊர் அவளை விரட்டவில்லை, உட்காரவைத்தது. அதே ஊர் 1990களில் இன்னொன்றும் செய்தது. இரவில் ஒரு பெண் பேய் வீட்டாரின் குரலிலேயே கதவைத் தட்டிக் கூப்பிடும் என்ற வதந்தி பரவியபோது, சுவரிலும் கதவிலும் ‘நாளே பா’, அதாவது ‘நாளை வா’ என்று எழுதிவைத்தார்கள். வருகிறவள் படித்துவிட்டுத் திரும்பிப்போவாள்; மறுநாளும் அதே எழுத்துத்தான் இருக்கும். நீதிமன்றத்தில் வாய்தா வாங்குவதுபோல. அவள் யார், எதற்காகத் தட்டுகிறாள் என்று வதந்தியும் சொல்லவில்லை, கதவுக்கு உள்ளே இருந்தவர்களும் கேட்கவில்லை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை எளிதாகத் தாண்டிவிடக் கூடாது. பேயின் முறையீட்டுக்கு மதிப்புக் கொடுத்தால் பேயோட்டிகளுக்குத்தானே கொண்டாட்டம்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். கர்நாடகம் 2017இல் மாந்திரீகக் கொடுமைகளுக்கு எதிராகச் சட்டமே இயற்ற நேர்ந்தது. நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிற ஊரில், நோயாளியை மருத்துவரிடம் கொண்டுபோ என்பதற்கு மாற்றே கிடையாது. இதில் ஒரு சொல்கூட விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. ஆனால் பேயோட்டி செய்வது கேட்பதன் நேரெதிர். வேப்பிலையால் அடிப்பவனுக்கும் சங்கிலி பூட்டுபவனுக்கும் அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்பது பொருட்டே இல்லை. அவள் வாயை அடைப்பதுதான் வேலை. நல்ல மருத்துவரோ நோயாளியின் வாயிலிருந்து வரும் அந்த அந்நியக் குரலையும் கூர்ந்து கேட்கிறார். கேட்பதற்கு ஆவியை நம்பவேண்டியதில்லை. நாகவல்லி கற்பனை, ஆனால் மறுத்ததற்காக எரிக்கப்பட்ட பெண்களும் நிலத்துக்காகக் கொல்லப்பட்டவர்களும் கற்பனை இல்லை.

ஆக, எந்தப் பாகம் உசத்தி என்று கேட்டால் நானும் முதல் பாகத்தின் பக்கம்தான், ஆனால் அதன் பகுத்தறிவுக்காக மட்டும் இல்லை. அந்தப் பொம்மை வெட்டுப்படும் நொடியில் பழி ஒரே ஒருமுறை சரியான முகவரிக்குப் போய்ச் சேர்கிறது. குறையும் அங்கேயே இருக்கிறது. குணமான மனைவியோடு கணவன் கிளம்பிப்போகிறான், வீடு அமைதியாகிறது, மருத்துவருக்குக் கல்யாணம்கூடக் கூடிவருகிறது. அந்த அறையில் நாகவல்லிக்கு ஒரு விளக்கு ஏற்றுவதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.