வீட்டுக்காரர் இல்லாத விருந்து

உங்களிடம் மேலதிகமாக ஒரு வீடு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்குக் கொடுக்கலாம். அல்லது வந்துபோகும் பிரயாணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டு அதிகம் உழைக்கலாம். "என்னுடைய வீடு, என்னுடைய விருப்பம்" என்பீர்களா? நியூயோர்க் நகரில் பலர் அப்படித்தான் சொன்னார்கள்.

நகரசபை அதற்கு இணங்கவில்லை. 2023 செப்டெம்பர் 5ஆம் திகதி முதல், 30 நாட்களுக்குக் குறைந்த காலத்துக்கு ஆட்களைப் பணத்துக்குத் தங்கவைப்பவர் நகரசபையில் பதிவு செய்ய வேண்டும். தாமும் அதே வீட்டில் இருக்க வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேற்படலாகாது. உள்கதவுகளைப் பூட்டி அவர்களைப் பிரித்துவைக்கவும் கூடாது. இதை வாசித்ததும் ஆபிரகாமின் நினைவே எனக்கு வந்தது. வந்தவர்களிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு அவர் போய்விடவில்லை. மரத்தடியில் பக்கத்தில் நின்று பரிமாறினார். (வந்தவர்கள் மூவர் என்பதால் நியூயோர்க்கில் அவர் அகப்பட்டிருப்பார்!)

சொத்து வைத்திருக்க மனிதனுக்கு உரிமை உண்டு. ஆனால் அதன் பயனைப் பொதுவானதாகக் கருதி, இல்லாதவனோடு பகிர ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பது புனித தோமாஸ் அக்குவினாஸின் போதனை. பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பரும் 1981இல் தொழில் பற்றி எழுதிய சுற்றுமடலில், தனியுடைமை உரிமை பொதுப் பயனுக்குக் கீழ்ப்பட்டதே என்றார். ஆகவே நகரசபை தலையிட்டதை அநியாயம் என்று சொல்ல முடியாது.

ஆனால் பலன் என்ன? ஆயிரக்கணக்கான வீட்டு விளம்பரங்கள் மறைந்தன. ஹோட்டல் கட்டணம் ஏறியது. குடியிருப்போர் வாடகையோ இறங்கிவிடவில்லை. வீடுகளே போதாத ஊரில் ஒரு சட்டத்தால் வீடு முளைக்காது. மனதை உறுத்துவது இன்னொன்று. மேல்மாடியில் தாம் வசித்து, கீழ்மாடியைப் பிரயாணிகளுக்கு விட்டு, வீட்டுக்கடன் கட்டிவந்த முதியவருக்கும், பல வீடுகளை வாங்கி வியாபாரம் நடத்தியவருக்கும் ஒரே தடை. கீழ்மாடி தனிக் குடியிருப்பு என்றால், மேலே இருப்பவர் "அதே வீட்டில்" இருப்பவரல்லர்! இத்தகைய சிறு வீட்டுக்காரருக்குச் சலுகை கோரும் திருத்தமொன்று 2024இல் நகரசபைக்கு வந்தது. ஹோட்டல் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்தது.

நானோ முதியவர் பக்கமே நிற்பேன். என்றாலும் அவரிடம் ஒன்று கேட்பேன்: ஐயா, பிரயாணிகள் வருமுன் உங்கள் கீழ்மாடியில் யாராவது குடும்பம் குடியிருந்ததா? இருந்ததென்றால், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?