தெரிவும் பொறுப்பும்: ஒரு நாய்க்குட்டியை முன்னிட்டு எழுந்த சிந்தனைகள்

அனலைதீவிலே எனது உறவினரான முதியோர் இருவர் வாழ்கின்றனர். பிள்ளைகள் மூவரும் கடல்கடந்து குடியேறிவிட்டனர். பனைகளும் தோட்டக் காணியும் சூழ்ந்த அவ்வீட்டிற்கு நெடுங்காலம் காவலாயிருந்த நாய் சென்ற மாரிகாலத்தில் முதுமையெய்தி இறந்தது. வேறொரு நாய் வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது மூன்று கருத்துகள் வெளிப்பட்டன. "நல்ல சாதி நாயாப் பார்த்து வாங்குங்கோ, காசைப் பற்றி யோசிக்க வேண்டாம்" என்று மூத்த மகன் தொலைபேசியிற் கூறினார். "அயல்வீட்டுப் பெட்டை ஆறு குட்டி போட்டிருக்கு, அதிலை ஒரு கடுவனை எடுப்பம்" என்றார் தகப்பனார். தாயார் இரண்டையும் கேட்டிருந்துவிட்டு, "எங்களுக்கும் எழுபது கடந்திட்டுது. நாங்கள் கண்ணை மூடினால் அதை ஆர் பார்க்கிறது?" என்று வினவினார். படித்தவன் என்ற காரணத்தால் என்னிடமும் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. உடனடியாக விடைகூற என்னால் இயலவில்லை.

நாய்க்குட்டி ஒன்றைத் தெரிவுசெய்தல் ஒரு பல்கலைக்கழகச் சஞ்சிகையில் ஆராயத்தக்க விடயமா என்று சிலர் ஐயுறலாம். ஆயினும் அம்மூவர் கூற்றிலும் அறவியல் சார்ந்த மூன்று வினாக்கள் அடங்கியிருத்தல் நோக்கத்தக்கது. ஓர் உயிரை எதனைக் கொண்டு மதிப்பிடுவது? தெரிவுசெய்யப்படாது விடப்பட்டவற்றின் நிலை யாது? தெரிவுசெய்தவரின் கடமை எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது? இவ்வினாக்களை ஒன்றன்பின் ஒன்றாக நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மகன் பயன்படுத்திய சொல்லே முதலில் எம்மைச் சிந்திக்க வைக்கின்றது. பிறப்புவழி அறியப்பட்ட நாயை நாம் 'சாதி நாய்' என்கின்றோம். ஏனையவை 'ஊர் நாய்' ஆகின்றன. மனிதரைப் பிறப்பினால் வகுத்த சமூகம் அதே அளவுகோலை விலங்கின்மீதும் வைத்திருக்கின்றது. இதன் மறுதலையும் நிகழ்ந்துள்ளது. ஆங்கிலேயர் தெருநாய்க்கு வழங்கிய 'பறையா நாய்' என்னும் பெயர் தமிழ்ச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட மக்கட் பிரிவொன்றின் பெயரிலிருந்து பிறந்ததாகும். ஓரிடத்தில் மனிதருக்கு இழைத்த இழிவு மொழியின் வழியாக விலங்குக்கும், விலங்கின் இழிவு மீண்டும் மனிதருக்கும் ஏற்றப்பட்டது. எனவே, நாயின் 'சாதி'யைப் பற்றிப் பேசும்போது நாயைப் பற்றி மாத்திரம் பேசுகின்றோம் எனக் கருதுவதற்கில்லை.

நாயைப் பொறுத்தவரை தமிழ் மரபின் நோக்கும் ஒருமுகப்பட்டதன்று. யாழ்ப்பாணத்தில் வைரவருக்குக் கோயில் இல்லாத ஊர் அரிது. அவருடைய வாகனம் நாயேயாகும். எனினும் பிறரை வைவதற்கு நாம் முதலில் எடுக்கும் சொல்லும் அதுவே. மாணிக்கவாசகர் தமது தாழ்மையைப் புலப்படுத்த நாயினைக் காட்டினார். நாலடியாரோ, நெடுநாட் பழகிய பாகனையே கொல்லும் யானையை விலக்கி, எய்த வேல் உடலிற் கிடக்கவும் வாலைக் குழைக்கும் நாயை நல்ல நட்புக்கு உவமையாக்கியது. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்கும் 'குருளை' என்ற ஒரே பெயரை வகுத்தது. புலிக்குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும் உரிய பெயர் ஒன்றாக இருத்தலில் அவ்விலக்கணகாரர் குறைவெதனையும் காணவில்லை.

இனி, இனம் என்பதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். நாய் மனிதனுடன் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்துள்ளது. ஆனால் வம்சாவளி எழுதிவைத்து, உயரம், நிறம், காதின் வடிவு ஆகியவற்றுக்கு விதி வகுத்து, அவ்விதிக்குள் அமைந்தவற்றை மாத்திரம் இனம் என ஏற்கும் வழக்கம் அண்மைக்காலத்தது. இங்கிலாந்தின் கெனல் கிளப் 1873இலேயே நிறுவப்பட்டது. யாழ்ப்பாணத்தார் பெரிதும் விரும்பும் அல்சேஷன், 1899இல் ஜேர்மனியில் ஒரு சங்கத்தின் வாயிலாக ஒழுங்குசெய்யப்பட்ட மேய்ப்பு நாயாகும். முதலாம் உலகப் போர்க்காலத்து வெறுப்பினால் பிரித்தானியர் ஜேர்மனியின் பெயரை அகற்றி அதனை அல்சேஷன் என்றனர். 1977இற் பழைய பெயரை மீள ஏற்றனர். நாய் மாறவில்லை, பெயரே மாறி மீண்டது. ஒல்லாந்தர் தமது ஆட்சிக்காலத்தில் அனலைதீவுக்கு றொட்டர்டாம் என்று பெயரிட்டதனால் இத்தீவின் மண் மாறிவிடவில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இனத்தைக் கொண்டு குணத்தைத் துணியலாம் என்ற நம்பிக்கையும் ஆய்வுக்குரியது. 2022இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வொன்று 18,000க்கு மேற்பட்ட நாய்களின் நடத்தை பற்றி அவற்றின் உரிமையாளரிடம் தகவல் திரட்டியதுடன், அவற்றுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றின் மரபணுவையும் ஆராய்ந்தது. தனி நாய்களிடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 வீதத்தை மாத்திரமே இனம் விளக்குகின்றது என்பது அதன் முடிபு. ஒரு குறித்த நாய் சாதுவானதா, சீறுவதா என்பதை அதன் பட்டயம் உறுதியாகச் சொல்லாது. மறுபுறம், தோற்றத்துக்காக நடத்தப்பட்ட இனப்பெருக்கத்தின் தண்டனையை நாய்களே அனுபவித்துள்ளன. தட்டைமுகப் புல்டோக் மூச்சுக்குத் தவிக்கின்றது. தமிழகத்தின் பெருமைக்குரிய இராஜபாளையம் நாய் 2005இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்றது. அதன் தூய வெண்மையே விரும்பப்பட்டமையால் அவ்வினத்திற் செவிட்டுக் குட்டிகள் பிறத்தலும் அறியப்பட்ட குறையாகும்.

அவ்வாறாயின் தெரிவே கூடாதா என்னும் வினா எழும். அவ்வாறு கூறுதல் மிகையாகும். இனம் குணத்தை முற்றாக விளக்காவிடினும் உடலமைப்பைப் பெரிதும் விளக்கும். நியூபவுண்லாந்துக் கரையின் குளிர்நீரில் மீனவருக்கு உதவிய நாய்களின் வழிவந்த லாப்ரடோருக்கு இரட்டை மயிர்ப்போர்வை உண்டு. சித்திரை வெயிலிற் கொதிக்கும் தீவுமணலில் அப்போர்வை அதற்குச் சுமையே. சடைநாயின் மயிரில் உண்ணியும் தெள்ளும் மறைந்து பெருகும். பெரிய அல்சேஷன் கயிற்றை இழுக்கும்போது எழுபது வயதினர் நிலைகொள்ள முடியாது. அது நோயுற்றாலோ, ஊர்காவற்றுறைக்குப் படகிலேற்றிச் செல்லவேண்டும். ஊர் நாயோ அவ்வெயிலிலும் உவர்க்காற்றிலும் பல தலைமுறையாகத் தங்கித் தேறியது. ஆகவே தெரிவில் தவறில்லை. எது தெரிவின் அளவுகோல் என்பதிலேயே அறம் தங்கியுள்ளது. 'எது எனக்குப் பெருமை தரும்?' என்று வினவுதல் ஒருவகை. 'எதற்கு என்னால் வாழ்வளிக்க இயலும்?' என்று வினவுதல் இன்னொருவகை. இரண்டாவது வினாவே தெரிவுசெய்பவரைத் தம்மையும் அளக்கச் செய்கின்றது.

இரண்டாவது பிரச்சினைக்கு வருவோம். தகப்பனார் ஒரு கடுவனையே விரும்பினார். எமது பிரதேசத்திற் பெரும்பாலோர் விருப்பம் அதுவே. ஆறு குட்டிகளுள் கடுவன்கள் முதலிற் போய்விடும், பெட்டைகள் எஞ்சும். எஞ்சியவை சாக்கிலிடப்பட்டுச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ விடப்படுவதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். விடுபவர் தம்மைக் கொடியவராகக் கருதுவதில்லை. 'ஆராவது எடுப்பினம்' என்று சொல்லித் திரும்புகின்றனர். இங்கே, கடுவனைத் தெரிந்தெடுத்தவருக்கும் விடப்பட்ட பெட்டைக்கும் தொடர்பில்லை எனலாமா? நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனால் எல்லோரும் ஒன்றையே தெரிவர் என்ற நிலையில், ஒவ்வொருவரதும் குற்றமற்ற தெரிவுகள் ஒன்றுசேர்ந்து ஒரு கொடுமையாகின்றன. கருத்தடைச் சிகிச்சை கிடைக்கும் இக்காலத்திற் பெட்டையை வளர்த்தால் குட்டிகள் பெருகும் என்ற அச்சமும் முன்போல வலிமையான நியாயமன்று.

தீவகத்திலேயே இதற்கு ஒரு பெருஞ்சான்று உண்டு. நெடுந்தீவின் குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் அவர்தம் தேவைக்காகக் கொணரப்பட்டு வளர்க்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். தெரிந்தெடுத்தவர் போயினர், குதிரைகள் நின்றன. வறட்சி மிகும் ஆண்டுகளில் நீர்நிலைகள் வற்ற அவை மாண்டு கிடந்த செய்திகளை நாம் படித்திருக்கின்றோம். பெருநிலமாயின் அவை நீர்தேடிப் போயிருக்கும். கடல் அவற்றின் வழியை அடைத்துள்ளது.

இதனை ஊன்றி நோக்குமிடத்து மூன்றாவது வினாவுக்கான திறவுகோல் கிடைக்கின்றது. துன்பத்தை உணரும் ஆற்றலே ஓர் உயிரை அறக்கணிப்புக்கு உரியதாக்குகின்றது என்பது 1789இல் வெளியான நூலிலே பெந்தம் நிறுவ முயன்ற கருத்து. அது ஏற்கத்தக்கது. எனினும் அவ்வளவுகோலின்படி உலகிலுள்ள எல்லா நாய்களும் எமக்கு ஒன்றே. என் முற்றத்து நாய்க்கு நான் சிறப்பாகக் கடமைப்பட்டவன் என்பதை அது விளக்குவதில்லை. அச்சிறப்புக் கடமையின் மூலம் வேறு. தாயிடமிருந்து பிரித்து, படகிலேற்றி, எமது வேலிக்குள் கொணர்ந்து, எமது கையாலன்றி உணவில்லை என்ற நிலைக்கு அதனை ஆளாக்கியவர் நாமே. அதற்கிருந்த பிற வழிகளை அடைத்தவர், திறந்துள்ள ஒரு வழியாகத் தாமே நிற்கக் கடமைப்பட்டவராவர். பொறுப்பின் அளவு நாம் கொண்ட அன்பின் அளவன்று. நாம் உண்டாக்கிய சார்பின் அளவேயாகும்.

புதிய குட்டியைப் பழக்கும் முறைகளையும் இவ்வடிப்படையில் விளங்கிக்கொள்ளலாம். எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் தகாது. குட்டியின் மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையான காலமே அது மனிதரோடும் பிற உயிர்களோடும் உறவுகொள்ளக் கற்கும் பருவம் என்பதை ஸ்கொட், புல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். அப்பருவத்தில் அதனைக் கட்டிவைத்து அடித்தால் வருவது காவல் நாயன்று. அச்சத்தினாற் கடிக்கும் நாயாகும். தாய் படுத்த சாக்குத் துண்டொன்றை உடன்கொணர்ந்து படுக்கையில் இடுதல் நன்று. முன்பு உண்ட உணவையே சில நாட்களுக்கு அளித்துப் படிப்படியாக மாற்றவேண்டும். சிறிய அளவாக நாளுக்கு மூன்று நான்கு தடவை ஊட்டவேண்டும். குடற்புழுவுக்கு மருந்தும், பாவோ முதலிய நோய்களுக்கும் விசர்நாய்க்கடி நோய்க்கும் எதிரான தடுப்பூசிகளும் மிருக வைத்தியர் குறிக்கும் காலத்தில் இடப்படவேண்டும். தடுப்பூசி மருந்து குளிர்நிலையிற் பேணப்படவேண்டியதாகையால், கடல் நடுவிலுள்ள ஊரில் அதற்கும் முன்னேற்பாடு தேவை.

முதல் இரவுகளில் குட்டி அழும். அதனை 'தொல்லை' என்று சொல்வோர் உளர். உண்மையில் அது தாயையும் உடன்பிறந்தவற்றையும் தேடும் குரல். அக்குரல் கேட்குமிடத்தில் ஒருவர் படுத்திருத்தலே போதும். சில நாளில் அது அடங்கும். ஓரிரவில் இடம் மாறியவரின் கலக்கத்தை எமது மக்களுக்குப் பிறர் விளக்கவேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு கசப்பான நினைவையும் தவிர்ப்பதற்கில்லை. 1990இன் பின் தீவக மக்களுட் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. வீட்டு நாய்கள் பல படலையடியிலேயே நின்றுவிட்டன. பிள்ளையையும் முதியவரையும் தூக்கிச் சென்றவர் நாயை விட்டுச் சென்றது குற்றமா? குற்றமன்று, இயலாமைக்கும் கைவிடலுக்கும் வேறுபாடு உண்டு. ஆயினும், குற்றமில்லை என்று அறிந்த பின்னரும் பலர் அந்த நாயைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்கின்றனர். அக்கடமை மெய்யானது என்பதற்கு இத்துயரமே சான்று. மகாபாரதத்தின் இறுதிப் பயணத்திலே தருமன் நாயின்றி இந்திரனின் தேரில் ஏற மறுத்தான். அவன் அந்நாயைத் தெரிந்தெடுத்தவனல்லன். அது தானாகப் பின்தொடர்ந்தது. தெரியாததற்கே அத்துணைக் கடமையெனில், தாமே தெரிந்தெடுத்ததற்கு எத்துணை!

எனவே மூவர் கூற்றுகளுள் தாயாரின் வினாவே முதலில் விடைகாணவேண்டியது என்பது எனது முடிபாயிற்று. ஊர் நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடும். எழுபது வயதினர் அக்காலம் முழுவதற்கும் உறுதியளிக்க முடியாது. அதனால் அவர்கள் நாய் வளர்த்தல் தகாது என்றாகிவிடாது. தம்மால் முடிக்கவியலாத பொறுப்பை ஏற்குமுன் அதனைத் தொடரவல்ல இன்னொருவரைத் தேடிக்கொள்ளவேண்டும் என்பதே பொருள். தாய்நாய் இருந்த அயல்வீட்டு இளைஞனிடம் இதனைக் கேட்டோம். "உங்களுக்கு ஏலாமற் போனால் இஞ்சையே வரட்டும்; அதின்ரை தாய் வீடுதானே" என்றான். எஞ்சியிருந்த பெட்டைக் குட்டி ஒன்று ஒன்பதாம் வாரத்தில் வேலியைக் கடந்து வந்தது. படகுப் பயணம் தேவைப்படவில்லை. மகன் அனுப்பவிருந்த காசில் ஒரு பகுதி தடுப்பூசிக்கும் கருத்தடைச் சிகிச்சைக்கும் ஒதுக்கப்பட்டது.

'என்ன சாதி?' என்று மகன் தொலைபேசியில் மீண்டும் கேட்டாராம். "எங்கட வீட்டு நாய்" என்று தாயார் விடையிறுத்தார். முதலிரு இரவும் குட்டி அழுதது. அவர் விறாந்தையிற் பாய் விரித்து அதன் அருகிற் படுத்தார்.