ஏழைக்கும் வீடற்றவருக்கும் ஒரே உதவி போதுமா?



குடியிருக்கும் வீடு ஒருவருக்குச் சொந்தமாக இருந்தும் செலவுக்கு வழியில்லை என்றால், அவர் ஜகாத் பெறலாம். வீட்டை விற்றுச் சாப்பிடுங்கள் என்று மார்க்கம் சொல்லவில்லை. ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் இதுவே சட்டம். ஏனெனில் குடியிருக்கும் வீடு செல்வத்தில் சேராது; அது அடிப்படைத் தேவை. நஹ்ல் அத்தியாயத்தின் 80-வது வசனமும் வீட்டை, மனிதன் அமைதி பெறும் இடமாக, அல்லாஹ்வின் அருட்கொடையாக நினைவூட்டுகிறது.

அப்படியானால் அந்த வீடே இல்லாதவரின் நிலை என்ன?

வாடகை அறையில் இருக்கும் ஏழை விதவையை எண்ணிப் பாருங்கள். அவருக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்தால் பொங்கிச் சாப்பிட அடுப்பு இருக்கிறது. மிச்சத்தை வைக்கப் பானை இருக்கிறது. காலையில் கதவு திறக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டார் தட்டிப் பார்ப்பார்கள்.

கடை வாசலில் படுப்பவருக்கு அதே அரிசியால் என்ன பயன்? போர்வை கொடுத்தால் பகலில் எங்கே வைப்பார்? அவர்களில் பலர் மூட்டை தூக்கி, பாத்திரம் கழுவிச் சம்பாதிப்பவர்கள்தாம். அந்தக் கூலி தூங்கும்போது களவு போகிறது. ரேஷன் கார்டு கேட்டால் முகவரிச் சான்று எங்கே என்கிறார்கள். காலையில் அவர் எழவில்லை என்றால் விசாரிக்க ஆளில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 17 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடின்றி இருந்தார்கள்.

மதீனாவில் குடும்பமும் வீடும் இல்லாத ஸஹாபாக்கள் மஸ்ஜிதுன் நபவியின் திண்ணையில் தங்கினார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களும் அவர்களில் ஒருவர். நபி (ஸல்) அவர்கள் தமக்கு வந்த ஸதகாவை அவர்களுக்கு அனுப்பினார்கள். அதோடு நிற்கவில்லை. இருவருக்கான உணவு உள்ளவர் மூன்றாமவராக அவர்களில் ஒருவரை அழைத்துச் செல்லட்டும் என்றும் ஏவினார்கள். தங்க இடம், உண்ண உணவு, பெயர் சொல்லி அழைக்க ஒரு வீடு: மூன்றும் அவர்களுக்குக் கிடைத்தன.

நம் மஹல்லாக்களில் ஜகாத் பட்டியல் எப்படித் தயாராகிறது? தெருவாரியாக, வீட்டு எண் வாரியாக. கதவு எண் இல்லாதவர் அதில் எப்படி வருவார்? அண்டை வீட்டார் உரிமையைப் பற்றி அதிகம் பேசுகிறோம். வீடற்றவருக்கு அண்டை வீட்டார் யார்? அவர் படுக்கும் இடத்துக்கு அருகில் யாருடைய வாசல் இருக்கிறதோ அவர்தான்!

எனவே அவர் கையில் காசைப் போட்டுவிட்டு நகராதீர்கள். பெயரைக் கேளுங்கள். சமைத்த உணவு கொடுங்கள். அவருடைய ஆவணங்களையும் பணத்தையும் பத்திரமாக வைக்க ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு பெட்டி ஒதுக்குங்கள். குளிக்க, துணி துவைக்க வழி செய்யுங்கள். அவர் முஸ்லிம் அல்லாதவராக இருந்தாலும் ஸதகாவிலிருந்து தாராளமாக உதவலாம். நாளைக் காலை அவர் அங்கே இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

வீடு என்ற நிஃமத்துக்கு நன்றி செலுத்தவும், அது இல்லாதவரின் உரிமையை நிறைவேற்றவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.