மித்யாசாரன் யார்?

மும்பையின் மான்குர்த்தில் தமிழன்பர் ஒருவரின் இல்லத்தில் கீதை வகுப்பு முடிந்தபின், ஓர் அம்மையார் தயங்கித் தயங்கி அருகில் வந்து நின்றார். சீட்டு நடத்துவதாகச் சொல்லிப் பலரிடம் பணம் பெற்ற ஒருவர் இரவோடிரவாக ஊரைவிட்டே போய்விட்டாராம். அம்மையார் தம் மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்ததும் அதில் போயிற்று. “இங்கே எல்லோரும் அவரை ‘டக்’ என்கிறார்கள், ஸ்வாமிஜி. ஆனால் நெற்றி நிறைய விபூதியோடு இதே வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்தானே! அதனால்தான் நம்பினேன்” என்றார்.

எனக்குப் பதில் எழவில்லை. அந்த மனிதரின் சிரத்தையை நானே ஒருமுறை சபையில் பாராட்டியிருந்தேன்.

‘டக்’ என்பது, மறைத்தல் என்ற பொருளுடைய ஸம்ஸ்கிருத வினையடியில் பிறந்த ‘ஸ்தக’ என்னும் சொல்லின் திரிபு. வழிப்போக்கரோடு நண்பர்போல் கூடிச் சென்று, நம்பிக்கை முற்றியபின் கழுத்தை நெரித்துக் கொள்ளையிட்ட கூட்டத்தாரையும் அப்பெயராலேயே அழைத்தனர். அவர்களை ஒடுக்க 1836-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆங்கிலத்திற்குப் போன அச்சொல் இன்று வெறும் முரடனைக் குறிக்கிறது. பொருள் தேய்ந்துவிட்டது என்றே சொல்வேன். முரடனுக்கு நம் நம்பிக்கை தேவையில்லை. வஞ்சகனுக்கோ அதுவே மூலதனம்.

கீதை மூன்றாம் அத்தியாயத்தின் ஆறாம் சுலோகத்தில் பகவான் ‘மித்யாசாரன்’ என்றொரு சொல்லை ஆள்கிறார். கர்மேந்திரியங்களை அடக்கி அமர்ந்துகொண்டு, மனத்தால் விஷயங்களையே அசைபோடுபவன் அவன். எவருடைய பணத்தையும் அவன் எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எனினும் அவனை ‘விமூடாத்மா’, மதிமயங்கியவன், என்கிறார் பகவான். ஏமாந்தவர்களுள் முதல்வன் அவனே. ஆசார்ய சங்கரரோ இன்னும் கடுமையாக, ‘பாபாசாரன்’ என்றே பொருளுரைக்கிறார்.

திருவள்ளுவர் கூடாவொழுக்கத்தை 28-ஆம் அதிகாரமாகவும், கள்ளாமையை 29-ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். இரண்டும் துறவறவியலில் உள்ளவை. வஞ்ச மனத்தானைக் கண்டு அவன் உடலிலுள்ள ஐம்பூதங்களும் உள்ளே சிரிக்கும் என்கிறார். இல்லறத்தாரைவிடக் காவி உடுத்த எங்களுக்கே அவ்வதிகாரம் முதலில் உரியது.

“நம்பியது உங்கள் பிழையன்று அம்மா, புறத்தைக் கண்டு அகத்திற்குச் சான்று வழங்கியவன் நான்” என்று அம்மையாரிடம் சொன்னேன். அடுத்த வகுப்பில் சபையிலும் அதையே சொன்னேன். இப்போது அங்கு எவரையும் பெயர்சொல்லிப் பாராட்டுவதில்லை; வகுப்புக்கு வருவோரிடையே கொடுக்கல் வாங்கல் கூடாது என்பதையும் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறோம். அம்மையார் வழக்கம்போல் விளக்கேற்ற எல்லோருக்கும் முன்னதாக வந்துவிடுகிறார்.