தண்டத்தின் அளவு

களவு செய்தானை ஒறுத்தல் அரசின் கடன் என்பதில் ஐயுறுவார் இலர். எத்துணை ஒறுத்தல் தகும் என்பதன்கண்ணே கருத்து வேறுபாடு நிகழும். கவர்ந்த பொருளின் விலையே தண்டத்திற்கு அளவென்பார் ஒருசாரார். கவர்ந்த முறையே அளவென்பார் பிறிதொருசாரார். கவர்ந்தானது நிலையே அளவென்பார் மற்றொருசாரார். இம்மூன்றனுள் எது தக்கதென்பது ஈண்டு ஆராயற்பாலது.

இதனை விளக்குதற்கு அண்மைக்காலத்து நிகழ்ச்சியொன்று துணையாகும். ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருநாடக எல்லையை ஒட்டியுள்ள தொழில் நகரம். சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளை நாடிப் பல திசையினின்றும் வந்த தொழிலாளர் அங்கு வாழ்கின்றனர். அந்நகரின் பாகலூர் சாலையிலுள்ள நகையடகு நிறுவனக் கிளையொன்றில், 2021ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள், படைக்கலந் தாங்கிய கூட்டத்தார் புகுந்து, ஊழியரை அச்சுறுத்தி, ஏறத்தாழ 25 கிலோ பொன் நகைகளைக் கவர்ந்து சென்றனர். மறுநாளே ஐதராபாத்து நகருக்கு அருகில் ஐயுறப்பட்டோர் பிடிபட்டனர், நகைகளும் மீட்கப்பட்டன.

பொன் ஒருநாளில் மீண்டமையின் குற்றமும் சிறுத்ததோ எனின், அற்றன்று. அந்நாளில் நடைமுறையிலிருந்த 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே இதற்கு விடை கூறும். வெறுங் களவிற்கு அது மூன்றாண்டு வரை சிறை விதித்தது. குடியிருக்கும் மனையிலோ பொருள் வைத்துக் காக்கும் கட்டடத்திலோ களவு நிகழின் ஏழாண்டு வரை விதித்தது. அச்சுறுத்தியோ ஊறு செய்தோ பறித்தல் கொள்ளையாதலின், அதற்குப் பத்தாண்டு வரை. ஐவரோ அவரின் மிக்காரோ கூடிச் செய்யின் அது கூட்டுக்கொள்ளையாகி, பத்தாண்டு வரை கடுங்காவலுக்கோ வாழ்நாட் சிறைக்கோ உரியதாம். அதன்கண் கொல்லத்தகும் படைக்கலத்தை எடுத்தாண்டார்க்கு ஏழாண்டிற் குறைந்த தண்டம் இல்லை. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டு அதனிடத்தில் வழங்கிவரும் பாரதிய நியாய சன்ஹிதாவும் பெரும்பாலும் இப்படிகளையே கொண்டுள்ளது.

இம்முறையை உற்றுநோக்குவார்க்கு ஓருண்மை புலனாம். ஈண்டுப் படி ஏறுவது பொன்னின் நிறையால் அன்று. உயிர்க்கு விளைத்த அச்சத்தாலேயாம். பொன்னை மீட்டுக் கொடுத்தல் கூடும். படைக்கலத்தின் முன் நின்ற ஊழியனது நடுக்கத்தை மாற்றிக் கொடுப்பார் யாவர்? ஆகலின், கவர்ந்த முறையை முதலளவாகக் கொண்டமை பொருந்துவதேயாம்.

அற்றேல், விலையை அளவாகக் கொண்ட நாட்டார் இலரோ எனின், உளர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூட்டரசு நீதிமன்றங்கட்கு 1987ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நெறிகளில், இழப்பின் தொகை உயருந்தோறும் குற்றத்தின் படியெண்ணும் உயரும். அவ்வெண்ணையும் முற்குற்ற வரலாற்றையும் அட்டவணையிற் பொருத்தி, இத்தனை திங்கள் சிறையெனக் கணிப்பர். அவ்வட்டவணை நீதிபதியைக் கட்டுப்படுத்தாது, அறிவுரையளவிலேயே நிற்பதென 2005ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் முடிவு செய்தது. கணக்கினால் நடுநிலை உண்டாம் எனக் கருதியே அது வகுக்கப்பட்டது. ஆயினும், விலை இழப்பை முற்றும் அளக்கமாட்டாது. அடகில் இருக்கும் நகை நிறுவனத்திற்கு ஒரு கணக்கெண். மகனது பள்ளிக் கட்டணத்தின்பொருட்டுத் தாலிக்கொடியை வைத்துச் சென்ற ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கோ அதுவே உள்ள உடைமை. புதிய சட்டம், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதன்முறை குற்றவாளியாகி, அப்பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்தானுக்குச் சமுதாயப் பணியைத் தண்டமாக வைத்தது. இஃது இரக்கமுடைய நெறியே. எனினும், அத்தொகை செல்வனுக்கு ஒருவேளை விருந்து. நாட்கூலிக்காரனுக்குப் பலநாள் உணவு.

திருவுருவக் களவில் இவ்வுண்மை இன்னும் தெளிவாம். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் திருக்கோயிலினின்று களவுபோன நடராசப்பெருமான் திருமேனியை, 2008ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட விலை கொடுத்து வாங்கியது. 2014ஆம் ஆண்டில் அது இந்தியாவிற்குத் திரும்பிற்று. அவ்வூரார் இழந்தது டாலரோ? வழிபாட்டிடத்துத் திருவுருவைத் திருடுதல் ஏழாண்டு வரை ஒறுத்தற்குரியதெனப் புதிய சட்டம் பெயர் சுட்டிக் கூறியமை, விலை கடந்த இழப்பும் உண்டென உடன்பட்டதேயாம்.

இனி, கவர்ந்தானது நிலை. சட்டம் பெரும்பாலும் மேலெல்லையையே கூறும். அதனுள் ஓராண்டோ பத்தாண்டோ என்பது நீதிபதியின் உள்ளத்ததாம். குற்றம் உறுதிப்பட்ட பின்னர்த் தண்டத்தைப் பற்றிக் குற்றவாளியைத் தனியே கேட்டல் வேண்டுமென 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. அம்முறை இன்றும் உளது. அகவை, முற்குற்றம், வறுமை, பிறர் ஏவல், கழிவிரக்கம் ஆகியன அங்கே சீர்தூக்கப்படும். ஆயின், தூக்குதற்குப் பொதுவான எடைக்கல் இல்லாமையின், ஒத்த குற்றத்திற்கு ஒரு மன்றில் மூன்றாண்டும் மற்றொரு மன்றில் ஏழாண்டும் விதிக்கப்படுதல் கூடும். ஓசூரினின்று கருநாடகத்து அத்திப்பள்ளி சில கல் தொலைவே; எல்லையின் இருபுறமும் சட்டம் ஒன்றே; தண்டமும் ஒத்திருத்தலன்றோ நீதி! தண்டம் வழங்குதற்கு வழிகாட்டும் நெறிகள் வேண்டுமென 2003ஆம் ஆண்டில் நீதியரசர் மளிமத் தலைமையில் அமைந்த குழு பரிந்துரைத்தும், அவை இன்றுகாறும் சட்டமாகவில்லை.

உயிர்களின் வினையை உள்ளவாறறிந்து, அதற்கேற்ற பயனை ஊட்டுவான் இறைவன் ஒருவனே. மன்றத்தில் அமர்ந்தார் சான்று காட்டும் அளவே அறிவர். ஆகலின், நெறியொன்றும் இன்றித் தம் உள்ளத்தையே துணைக்கோடல் அவர்க்கு இழுக்காம்; அட்டவணை ஒன்றையே நம்பி, முன்நிற்கும் உயிரை நோக்காமையும் இழுக்கேயாம். இறைவன் ஒறுப்பதும் உயிரைத் திருத்துதற்பொருட்டே எனக்கொண்டு, அதனை மறக்கருணை என்பர் சைவநூலார். அரசின் ஒறுப்பும் அவ்வழி நிற்றல் வேண்டுமாயின், அச்சம் விளைத்த முறையாற் படியை வகுத்து, இழந்தார் நிலையாற் கடுமையையும் செய்தார் நிலையால் தளர்வையும் தெரிந்து, இழந்தார்க்கு ஈடும் வழங்கி, இன்ன காரணத்தால் இத்துணையென எழுத்தில் வைத்தல் முறையாம். பொருளின் விலை இவற்றிடையே ஒரு குறிப்பாய் நிற்குமன்றித் தானே அளவாகாதென்பது கடைப்பிடிக்கத்தக்கது.