இறந்தோர் நிலமும் இருப்போர் உரிமையும்

தன் உரிமையைத் தானே கேட்க இயலாதவனுக்கு நாம் கடமைப்பட்டவர்களா? அறவியலின் இவ்வினாவை இலண்டனின் பழைய புனித பான்கிராஸ் தேவாலய வளவு கண்கூடாக எழுப்புகின்றது.

நூற்றாண்டுகளாகச் சேமக்காலையாக விளங்கிய இவ்வளவில் பிரெஞ்சுப் புரட்சிக்கு அஞ்சிப் புலம்பெயர்ந்தோரும் அடக்கஞ் செய்யப்பட்டனர். 1854இல் அடக்கங்கள் நிறுத்தப்பட்டன. 1860களின் நடுப்பகுதியில் மிட்லண்ட் புகையிரதப் பாதை இதன் ஒரு பகுதியை ஊடறுத்தது. எலும்புகள் மதிப்பின்றிக் கையாளப்பட்டமை கண்டனத்துக்குள்ளாகவே, கட்டடக்கலைஞர் ஆதர் புளும்ஃபீல்ட் மேற்பார்வைக்கு அமர்த்தப்பட்டார். மாலை வேளைகளில் அப்பணியைக் கண்காணித்த அவரது உதவியாளர், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற தோமஸ் ஹாடி ஆவார். அப்போது அவருக்கு எம்மையொத்த வயதே. 1877இல் எஞ்சிய நிலம் பொதுப் பூங்காவாயிற்று.

இறந்தோர்க்கு உணர்வில்லை, நெரிசலில் வாழ்வோர்க்கோ காற்றும் நிழலும் வேண்டும், ஆதலின் இதிற் பிழையில்லை என்பர் ஒருசாரார். இவ்வாதம் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. பிள்ளைகள் விளையாடும் புற்றரை எவரையும் அவமதிப்பதில்லை. ஆயினும் அடக்கம் என்பது உயிரோடிருப்போர் அளிக்கும் ஒரு வாக்குறுதி. அதைப் பெற்றவன் இல்லாதொழிந்தமையால் வாக்குறுதி வெறுமையாகிவிடாது. கேட்பாரற்ற கடனைத் தீர்ப்பதிலேயே ஒருவனின் நேர்மை வெளிப்படும்.

இங்கு வேறோர் உண்மையும் நோக்கற்பாலது. இங்கு அடக்கஞ் செய்யப்பட்ட மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் உடலெச்சம் 1851இல் உறவினரால் போண்மத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. புதிய புகையிரதப் பாதைக்கான 2002–2003 அகழ்வில் கண்டெடுக்கப்பட்ட பேராயர் டில்லனின் எச்சம் 2007இல் பிரான்சின் நார்போனுக்குத் திரும்பியது. பூங்காவிலுள்ள பேடெற்–கூட்ஸ் நினைவுச் சூரியகடிகாரம், கல்லறை இழந்தோருள் பெயர் அறியப்பட்ட பலரைப் பொறித்துள்ளது. பெயரும் உறவும் உடையோர்க்கு மரணத்தின் பின்னும் நியாயம் கிட்டியது. ஏழைகளுக்கோ அதுவும் கிட்டவில்லை. மரணம் யாவரையும் சமமாக்கும் என்ற கூற்று இவ்விடத்துப் பொய்க்கின்றது.

ஆகவே, நிலம் மாறலாமா என்பதன்று உண்மையான வினா. அம்மாற்றத்தின் சுமையை எவர் தலையில் ஏற்றுகின்றோம் என்பதே வினா. ஹாடியின் பெயரால் வழங்கிய மரமொன்றைச் சூழ்ந்து, இடம்பெயர்ந்த கல்லறைக் கற்கள் நெருங்கி நின்றன. 2022 டிசம்பரில் அம்மரம் சாய்ந்தது. கற்கள் நிலைத்தன, ஆயினும் எந்தக் கல் எவருடைய எலும்புக்குரியது என்பதை இனி எவரும் கூறவியலாது. பூங்காவை அமைப்பது குற்றமன்று. அதன் அடியில் எவர் கிடக்கின்றனர் என்பதை மறப்பதே குற்றம்.