படமும் பிரமாணமும்

ஓர் ஆன்மா உடலை நீத்த 31 ஆம் நாளில், அந்தியேட்டிக் கிரியை முடிந்து பந்தியும் எழுந்த பின்னர், வந்தவர் கையில் கொடுக்கப்படும் சிறு நூலுக்குக் 'கல்வெட்டு' என்று பெயரிட்ட ஈழத்துச் சைவ மக்களின் வழக்கம், இன்று வன்னிப் பெருநிலத்தில் வண்ணமும் வழுவழுப்பும் பெற்று வாழ்ந்து வருகிறது. அட்டையில் இறந்தவரின் திருவுருவம், உள்ளே திதி வெண்பா, தேவார திருவாசகங்கள், வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல் என்னும் அதன் ஒழுங்கு அச்சுக்கூடக் காலத்திலிருந்து பெரிதாக மாறவில்லை. மாறியது அதைச் செய்யும் கையும் கருவியுமே. கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் வவுனியாவிலும் வீதியோரத்துச் சிறு கடைகளில் போட்டோஷொப்பும் கோரல்ட்ரோவும் கொண்டு இவற்றைச் சமைக்கும் இளைஞர்கள், ஒரு முகத்தின் கீறலை அழிக்கும்போதும் ஒரு கிழவருக்குக் கோட்டு அணிவிக்கும்போதும், சாத்திரகாரர் தீர்க்க வேண்டிய ஒரு வினாவைத் தம்மை அறியாமலே தாமே தீர்த்துவிடுகிறார்கள். மாற்றப்பட்ட படத்தின் முன் ஏற்றிய விளக்கு யாருக்கு ஏற்றிய விளக்கு என்பதே அவ்வினா.

வன்னியின் பழைய சமய வாழ்வு முகச்சாயலை ஒரு பொருளாக மதித்ததில்லை. ஒட்டுசுட்டானில் எழுந்தருளியிருக்கும் தான்தோன்றீஸ்வரர் சிற்பியின் உளியால் ஆகாத சுயம்பு இலிங்கம். குளக்கட்டு மரத்தடிகளில் ஐயனாரும் பிள்ளையாரும் ஒரு கல்லாகவோ ஒரு சூலமாகவோ நின்று ஊரைக் காக்கிறார்கள். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குக் கூடும் சனசமுத்திரம், கடல்நீரில் எரியும் விளக்கையே அம்மையின் சாந்நித்தியமாகக் கண்டு கைகூப்புகிறது. இறைவனுக்கு அருவம், உருவம், அருவுருவம் என மூன்று நிலை கூறிய சித்தாந்தம், கண்ணும் மூக்கும் எழுதப்பெறாத இலிங்கத்தைக் கருவறையில் வைத்தது. இறந்தவர் விடயத்திலும் இதுவே நியதி. தர்ப்பைக் கூர்ச்சத்திலும் எள்ளிலும் நீரிலும் பிண்டத்திலும் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஆன்மாவுக்கு முகம் எப்படி இருந்தது என்று குருக்கள் ஒருபோதும் கேட்பதில்லை. ஆகவே படம் கிரியையின் அங்கமன்று என்று ஒரே வாக்கியத்தில் வழக்கை முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடிப்பது, வன்னியில் 2009 ஆம் ஆண்டுப் போருக்குப் பின் ஒரு படம் என்பது என்ன என்பதை அறியாதவர் செய்யும் முடிவாகும்.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கிளிநொச்சியிலிருந்து கிழக்கே முள்ளிவாய்க்கால் வரை சென்று, அங்கிருந்து வவுனியா முகாம்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களிற் பல, நகையை விற்றன, பாத்திரத்தை விட்டன, இறுதியில் அல்பங்களையும் பதுங்குகுழிகளில் விட்டன. எஞ்சியது அடையாள அட்டையில் ஒட்டிய சிறு படமோ, பாடசாலைக் குழுப்படத்தின் மூன்றாம் வரிசையில் ஒரு முகமோ, கடல் கடந்த உறவினர் வைத்திருந்த ஒரு பிரதியோதான். அந்தப் படத்தையே வீட்டுச் சுவருக்கு ஏற்பப் பெரிதாக்கித் தரும்படி கேட்கிறார்கள். இங்கே சற்றுக் கணக்குப் பார்ப்பது நன்று. ஓரங்குல அகலமும் ஒன்றேகால் அங்குல உயரமும் கொண்ட படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வருடினால் கிடைப்பது 300 ஆல் 375, அதாவது 1,12,500 புள்ளிகள். அதைப் பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலமாக அதே செறிவில் அச்சிட வேண்டின், 3600 ஆல் 4500, அதாவது 1,62,00,000 புள்ளிகள் வேண்டும். உண்மையில் இருந்த ஒவ்வொரு புள்ளிக்கும் 143 புள்ளிகளை இயந்திரம் தானே இட்டு நிரப்புகிறது. இன்னும் நுணுக்கமாக வருடலாமே என்பாருண்டு. தேய்ந்த தாளில் இல்லாத செய்தி எத்தனை நுணுக்கமாக வருடினாலும் வராது.

இந்த 143 புள்ளிகளின் தர்மம் என்ன? நம்முடைய தருக்கம் இதற்கு விடை வைத்திருக்கிறது. அறிவைத் தரும் அளவைகளைப் பலவாக எண்ணிய சிவஞான சித்தியார் ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார், அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கினார். தாளில் உள்ள மூலப்புள்ளி காட்சி. அயலில் உள்ள இரு புள்ளிகளின் நிறத்தைக் கண்டு இடையில் உள்ளதன் நிறத்தைக் கணிப்பது கருதல். சுவரின் இரு பக்கமும் வெண்மையாயின் நடுவும் வெண்மை என்பது நியாயமான அனுமானமே. 'தம்பிக்கு இடக் கன்னத்தில் மச்சம், கறை எண்டு அழிச்சுப் போடாதையுங்கோ' என்று பக்கத்துக் கதிரையில் இருந்து தாய் சொல்வது உரை. மகனின் முகத்தைப் பற்றி அவளினும் ஆப்தர், நம்பத்தக்க சாட்சி, யார் இருக்க முடியும்? இம்மூன்றின் வழியே கீறலை நீக்கி, மடிப்பைச் சமன்செய்து, மங்கிய நிறத்தை மீட்கும் கலைஞன் பொய் செய்பவன் அல்லன். நெடுங்காலம் அபிடேகம் கண்டு தேய்ந்த விக்கிரகத்தைச் சாத்திரப்படி செப்பனிடும் ஸ்தபதியின் வரிசையிலேயே அவனை வைக்கலாம்.

ஆனால் சில ஆண்டுகளாகக் கடைகளுக்குள் நுழைந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி செய்வது வேறு. கலங்கிய முகம் ஒன்றை அதனிடம் கொடுத்தால், உலகெங்கும் திரட்டிக் கற்பிக்கப்பட்ட ஆயிரமாயிரம் அந்நிய முகங்களிலிருந்து ஒரு கண்ணையும் ஓர் இமையையும் வருவித்து, நொடிப்பொழுதில் பளிச்சென்ற ஒரு மனிதனை நிறுத்திவிடும். புகையைக் கண்டு நெருப்பை அனுமிக்கிறோம் என்றால், புகைக்கும் நெருப்புக்கும் விட்டு நீங்காத தொடர்பு, வியாப்தி, உண்டு என்பதாலேயே அனுமிக்கிறோம். எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவரின் கண்ணுக்கும் மல்லாவியில் பிறந்த ஒருவரின் கண்ணுக்கும் என்ன வியாப்தி? அது காட்சியன்று, கருதலன்று, உரையுமன்று; பிரமாணமே இல்லாத ஒன்று பிரமாணத்தின் வேடம் பூண்டு வருகிறது. மங்கலான மூலப்படமே மேல் என்று நான் துணிந்து சொல்வேன். மங்கல் தன் அறியாமையை ஒளிக்கவில்லை.

அப்படியாயின் சாரத்தோடு நின்றவருக்குக் கோட்டு அணிவிப்பதும், தகரக் கொட்டிலை மறைத்துப் பின்னால் பூங்கா வைப்பதும் பொய்யல்லவா என்று கேட்பார் உளர். அதில் எனக்கு அத்தனை கண்டிப்பு இல்லை. மூர்த்திக்குச் சாத்துப்படி செய்யும்போது பட்டும் மாலையும் மூர்த்தியை மறைக்கின்றன என்று யாரும் குறைப்படுவதில்லை. அந்தக் கோட்டின் வெட்டு பெரும்பாலும் கழுத்தோடு பொருந்துவதில்லை என்பது இரசனை பற்றிய குறை, அறம் பற்றியதன்று.

கடினமானது இதனினும் வேறொன்று. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கி, வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பரவி, ஆண்டுக்கணக்காய் நீண்ட போராட்டத்தில், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் ஏந்திய படங்களுக்கு மாலை இல்லை, திதி இல்லை. மாலை சாத்துவது இறந்தார் என ஒப்புவதாகும் ஆதலின், அவர்கள் அதை ஒப்பவில்லை. அத்தகைய தாயொருத்தி, மகளின் கலியாணப் படத்தில் காணாமற்போன மகனையும் சேர்த்துத் தரும்படி கடைக்காரரிடம் கேட்டால் அவர் என்ன செய்வார்? நடவாததை நடந்ததாகக் காட்டுவது பொய் என்று தருக்கிகள் சொல்வர். சித்தாந்திகளோ பாவனை என்னும் ஒன்றை அறிவார்கள். விடந்தீர்க்கும் மாந்திரிகன் தன்னைக் கருடனாகப் பாவித்து விடத்தை இறக்குவதை அவர்கள் உவமையாகவே எடுத்தாண்டார்கள். தான் கருடன் அல்லன் என்பது அவனுக்குத் தெரியும், தெரிந்தே பாவிக்கிறான், ஆதலின் அது மயக்கமாகாது. தாய்க்கும் தெரியும். அவள் வீட்டுச் சுவரில் அப்படம் பாவனை. அதே படம் ஒரு நூலில் வருடத்தோடும் திகதியோடும் ஆவணம்போல் அச்சாகுமானால் அங்கே அது பொய்.

முகத்தைப் பற்றி இத்தனை வாதம் செய்யும் நாம் எழுத்தைப் பற்றி வாளாவிருப்பது விந்தை. கல்வெட்டுகளில் வரும் சிவபுராணம் பெரும்பாலும் பழைய கோப்பொன்றிலிருந்து நகலெடுத்து ஒட்டப்படுவது. அதில் ஒரு பிழை இருந்தால், அது அடுத்தடுத்த மரணங்களுக்கும் தொடர்ந்து செல்கிறது. இங்கே பரவலாக வழங்கும் பாமினி எழுத்துரு வேறொரு விசித்திரம்: திரையில் 'சிவ' என்று தெரிவதன் உள்ளே கணினி வைத்திருப்பது ஆர், பி, டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளையே. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திருநாமம் மறைந்து அவை மட்டும் நிற்கும். ஒருங்குறியிலோ ச என்பதற்கு 2970, இகரக் குறிக்கு 3007, வ என்பதற்கு 2997 என்று தமிழுக்கே உரிய எண்கள் உண்டு. போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் ஒருங்குறித் தமிழ் கோவைப்படாமல், முன் நிற்க வேண்டிய கொம்பு எழுத்தின் பின்னால் விழுந்தமையால், கடைக்காரர் பாமினியை விடாது பற்றினர்; அது நியாயமே. புதிய பதிப்புகளில் அக்காரணம் நீங்கிவிட்டது, பழக்கம் மட்டும் நீங்கவில்லை. 1849 இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், சுத்தப் பதிப்பைச் சைவத்தின் கடமையாகவே கொண்டவர். அவர் வழிவந்தவர் என்று சொல்லிக்கொள்ளும் நாம் மெய்ப்புப் பார்க்காமல் திருமுறையை அச்சிடுவதை, முகத்தை மாற்றுவதினும் பெரிய குற்றமாகவே நான் கருதுகிறேன்.

கல்வெட்டு அடிக்கக் கொடுப்போர் இவற்றைக் கேட்டுப் பெறுக: மூலப்படத்தை எந்த மாற்றமும் செய்யாமல் வருடிய கோப்பு தனியாக, செப்பனிட்ட படத்தில் மூலம் அடியடுக்கில் அழியாது இருக்கும் கோப்பு, செயற்கை நுண்ணறிவால் முகம் ஆக்கப்பட்டிருப்பின் அதைச் சொல்லும் ஒரு வரி, பாடல்கள் ஒருங்குறியில். திதியை இரு முறை பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுக. அச்சாகி முடிந்ததும் ஒரு பிரதியைப் பொது இடம் ஒன்றில் சேர்க்கலாம்; 2005 ஆம் ஆண்டு முதல் இணையத்தில் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களுக்கும் இடம் உண்டு.